காட்டுக்குப் போனவரின் துணியைத் துவைத்தவர் யார்? (விலகி வாழ்ந்தவர்கள் எழுதிய நூல்கள் குறித்து ஓர் இழை)

கல்மண்டபம் எழுதியது:

அமெரிக்காவில் வால்டன் குளக்கரையில் குடில் கட்டி இரண்டு ஆண்டுகள் தனியாக வாழ்ந்த தோரோ, அதைப் பற்றி எழுதிய ‘வால்டன்’ நூலைச் சென்ற மழைக்காலத்தில் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தேன். முதல்முறை படித்தபோது எனக்கு 22 வயது. தேர்வுக்குரிய பாடங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, விடுதி அறையின் மொட்டை விளக்கின் கீழ் அமர்ந்து படித்த பிரதியே இன்றும் என்னிடம் இருக்கிறது. அன்று நான் போட்ட அடிக்கோடுகளை இப்போது பார்த்தால், ஊரையும் உலகத்தையும் கடிந்துகொள்ளும் வரிகளாகப் பொறுக்கியெடுத்துக் கோடு போட்டிருப்பது தெரிகிறது.

இம்முறை என் கண் வேறோர் இடத்தில் நின்றுவிட்டது. தம் செலவுக் கணக்கை எழுதி வரும்போது, துணி துவைப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே நடந்ததாகவும், அதற்கான கட்டணச் சீட்டு இன்னும் தம்மிடம் வந்து சேரவில்லை என்றும் தோரோ போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அந்தச் சீட்டை யார் அனுப்பியிருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. தாயும் சகோதரிகளும் துவைத்தார்கள் என்று பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். நூலில் அந்தச் செய்தி கிடையாது.

பணி ஓய்வுக்கு எனக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் சிறிது நிலம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம், எல்லோரையும் போலவே எனக்கும் உண்டு. ஆகவே இதை வெறும் இலக்கிய ஆர்வத்தில் கேட்கவில்லை. சமூகத்தை விட்டு விலகி எளிமையாக வாழ்ந்ததாகச் சொல்லும் நூல்களில், அந்த வாழ்வு எதன்மீது நின்றது என்பதை ஒளிக்காமல் காட்டும் நூல் எது? படித்தவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

பேரேடு எழுதியது:

முப்பது ஆண்டுகளாகத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன் என்பதால், அந்த நூலின் முதல் அத்தியாயத்தை நான் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டுதான் படித்தேன். கூட்டல் பிழை இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு 28 டாலர் 12½ சென்ட், ஓராண்டுப் பயிர்ச்செலவு 14 டாலர் 72½ சென்ட், எட்டு மாத உணவுக்கு 8 டாலர் 74 சென்ட், துணிமணி வகையறாவுக்கு 8 டாலர் 40¾ சென்ட், விளக்கெண்ணெய் முதலியவற்றுக்கு 2 டாலர். ஆக மொத்தம் 61 டாலர் 99¾ சென்ட். வரவில், விளைச்சல் விற்றது 23 டாலர் 44 சென்ட், கூலி வேலைக்குப் போய்ச் சம்பாதித்தது 13 டாலர் 34 சென்ட். எஞ்சிய 25 டாலர் 21¾ சென்ட் பற்றாக்குறையை அவர் கைமுதலிலிருந்து ஈடுகட்டுகிறார். வீட்டுக் கணக்கில் சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட் என்று தனி வரியே இருக்கிறது. இவ்வளவு நுணுக்கமாக எழுதும் ஆள் என் அலுவலகத்துக்கு வந்தால் அன்றே வேலை கொடுப்பேன்.

ஆனால் தணிக்கையாளன் முதலில் பார்ப்பது எழுதப்பட்ட வரிகளை அல்ல. நிலத்துக்கு வாடகை என்ற தலைப்பே அங்கு இல்லை; நிலம் நண்பர் எமர்சனுடையது. கோடரி இரவல், அதைத் தீட்டிக் கூராகவே திருப்பிக் கொடுத்ததாகப் பெருமையோடு எழுதுகிறார். மரம், கல், மணல் ஆகியவை இருந்த இடத்திலேயே கிடைத்தவை. வீட்டின் மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் நாளில் ஊர்க்காரர்கள் சிலர் வந்து கைகொடுத்தார்கள். பலகைகளுக்காக ரயில்பாதையில் வேலை செய்த ஓர் அயர்லாந்துக்காரரின் குடிலை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரிக்கிறார். அந்தக் குடும்பம் விடிகாலையில் ஒரே பெரிய மூட்டையோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும் காட்சி நூலிலேயே இருக்கிறது. ஒருவர் எளிய வாழ்வைத் தொடங்குவதற்காக இன்னொருவரின் வீடு ஆணி ஆணியாகப் பிரிக்கப்படுகிறது என்பதை நான் எந்த மதிப்புரையிலும் படித்ததில்லை.

இவற்றையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கல்மண்டபம் அவர்களின் கேள்விக்கு என் விடை, தாங்கள் கையில் வைத்திருக்கும் அதே நூல்தான். கணக்கில் ஏறாதவை உரைநடையில் ஏறியிருக்கின்றன.

இளவேனில் எழுதியது:

மூத்தவர்கள் இருவரும் என்னை மன்னிக்க வேண்டும். ஒரு மனிதன் இரண்டு ஆண்டுகள் தனியாக யோசிக்கத் துணிந்ததைப் பற்றிப் பேசும்போது, துணி துவைத்த கூலியைத் தேடுவது எனக்குச் சற்றுச் சிறுமையாகவே தோன்றுகிறது. வரி கட்ட மறுத்து 1846 ஜூலையில் ஓர் இரவு சிறையில் இருந்ததும் அதே ஆண்டுகளில்தான். அந்த இரவிலிருந்து பிறந்த சட்டமறுப்புக் கட்டுரை எங்கெங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என்னை உலுக்கிய நூல் ஜான் கிராகவர் 1996இல் எழுதிய ‘இன்டு தி வைல்டு’. கல்லூரியில் நன்றாகப் படித்துத் தேறிய கிறிஸ் மெக்கேண்ட்லெஸ், சேமிப்பைத் தானமாகக் கொடுத்துவிட்டு, காரைக் கைவிட்டு, கையிலிருந்த பணத்தைக் கொளுத்திவிட்டுப் போனான். அவனுக்குப் பின்னால் துவைத்துப் போட யாரும் இல்லை. முழுமையாக விலகியவன் என்றால் அவனைத்தான் சொல்ல முடியும்.

மலைச்சாரல் எழுதியது:

இளவேனில், தம்பி என்று அழைப்பதா தங்கை என்று அழைப்பதா தெரியவில்லை. எப்படியிருந்தாலும் உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த நூலை நான் வேறு விதமாகப் படித்தேன். 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் தடத்தில் அந்த இளைஞர் நடக்கத் தொடங்கியபோது, அவர் முதுகில் இருந்தது பத்துப் பவுண்டு அரிசி, ஒரு சிறிய துப்பாக்கி, சில புத்தகங்கள். அவர் தங்கியது கைவிடப்பட்ட 142ஆம் எண் பேருந்தில். அந்தப் பேருந்தைக் காட்டுக்குள் இழுத்துக் கொண்டுவந்து போட்டதும் சாலை போட வந்தவர்கள்தாம். காலில் அணிந்திருந்த ரப்பர் காலணிகூட, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டவர் வற்புறுத்திக் கொடுத்தது.

ஜூலையில் அவர் திரும்ப முடிவு செய்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏப்ரலில் எளிதாகக் கடந்த டெக்லானிகா ஆறு, பனி உருகிப் பெருக்கெடுத்துக் கிடந்ததால் மறுபடியும் பேருந்துக்கே போனார். சற்றுத் தொலைவில், கையால் இழுத்து ஆற்றைக் கடக்கக்கூடிய ஒரு கம்பித் தொட்டில் இருந்தது. ஒரு நல்ல வரைபடம் அவரிடம் இருந்திருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்கும். வரைபடம் இல்லாமல் போவதுதான் தூய்மை என்று அவர் எண்ணினார். ஆகஸ்டில் இறந்தார், வயது 24. மகிழ்ச்சி என்பது பிறரோடு பகிரும்போதே மெய்யாகிறது என்ற பொருள்பட, தாம் படித்துக்கொண்டிருந்த நாவலின் ஓரத்தில் அவரே எழுதி வைத்திருந்தார்.

கிராகவரை நான் மதிப்பதற்குக் காரணம், அவர் அந்தத் தொட்டிலையும் அந்த ஓரக் குறிப்பையும் விட்டுவிடாமல் எழுதியதுதான். ஆனால் வாசகர்கள் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்கப் போன இருவர் 2010இலும் 2019இலும் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். பலரை மீட்க வேண்டியிருந்தது. கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கிக் கொண்டுபோய்விட்டார்கள்.

இளவேனில் எழுதியது:

தங்கை. ஓரக் குறிப்பைப் பற்றிச் சொன்னது நியாயம். தொட்டிலைப் பற்றிய பக்கத்தை நான் வேகமாகக் கடந்திருக்கிறேன் போலிருக்கிறது.

செம்பருத்தி எழுதியது:

துவைத்த கூலியைத் தேடுவது சிறுமை என்று எழுதப்பட்டிருப்பதால் பதில் எழுதுகிறேன். என் வீட்டில் நான்கு பேருடைய துணி இன்று காலை கொடியில் கிடக்கிறது. தனிமை என்பது எத்தனை வாளித் தண்ணீரில் கிடைக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இவ்வகை நூல்களில் பெண்கள் எழுதியவற்றையும் பார்க்க வேண்டும் என்று தேடியபோது, ஆனி டில்லர்டு 1974இல் வெளியிட்ட ‘பில்கிரிம் அட் டிங்கர் க்ரீக்’ கிடைத்தது. வர்ஜீனியாவில் ஓர் ஓடைக்கரையில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து பூச்சிகளையும் தவளைகளையும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெரிய நீர்ப்பூச்சியொன்று ஒரு தவளையை உள்ளிருந்து உறிஞ்ச, அந்தத் தவளை காற்றுப் போன பந்தைப் போலச் சுருங்கிப்போவதை அவர் எழுதியிருக்கும் பக்கம் இரண்டு நாள் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அந்த நூல் மறு ஆண்டே புலிட்சர் பரிசும் பெற்றது. பிறகுதான் அறிந்தேன், அந்த ஓடை புறநகர் வீடுகளை ஒட்டி ஓடுவது, எழுதியவர் அப்போது மணமானவர், கணவர் அந்த நூலில் எங்குமே இல்லை என்பதை. எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தேன். ஆண்கள் எழுதிய நூல்களில் வீட்டு வேலை மறைகிறது. இவர் வீட்டையே மறைத்துவிட்டார். ஒரு பெண்ணுக்குத் தனிமை கிடைக்க வேண்டுமானால், காகிதத்திலாவது வீட்டை அழித்தாக வேண்டியிருக்கிறது போலும்.

மாறாக, ஹெலன், ஸ்காட் நியரிங் தம்பதியர் 1954இல் வெளியிட்ட ‘லிவிங் தி குட் லைஃப்’ நூலில் வேலை மறைவதில்லை. 1932இல் வெர்மாண்ட் மலைப்பகுதிக்குப் போனவர்கள், கல்லால் வீடு கட்டியதையும், மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி விற்றுப் பணத்தேவையைச் சமாளித்ததையும், பிழைப்புக்கான உழைப்புக்கு நாளில் நான்கு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டதையும் சலிப்பூட்டும் அளவுக்கு விரிவாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சலிப்பில்தான் நம்பிக்கை. பின்னாளில் ஹெலன் ஒரு சமையல் நூலும் எழுதினார். சமையலறையில் நிற்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் அதன் அக்கறை.

கல்மண்டபம் எழுதியது:

நியரிங் தம்பதியர் விருப்பப்பட்டு மட்டும் போனவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் கொள்ளலாம். ஸ்காட் 1915இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர். போர் எதிர்ப்புக்காக வழக்கைச் சந்தித்து 1919இல் விடுதலையானவர். வேலை கொடுப்பார் இல்லாத நிலையில் மலைக்குப் போனார்.

கடற்கரைச்சாலை எழுதியது:

தோரோவுக்கும் சென்னைக்கும் உள்ள ஒரு தொடர்பைச் சொல்ல அனுமதியுங்கள். 1846–47 குளிர்காலத்தில் நூறு அயர்லாந்துத் தொழிலாளர்கள் வந்து அந்தக் குளத்தின் பனிக்கட்டியை வெட்டியெடுத்ததை அவர் விரிவாக எழுதுகிறார். மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய ஊர்களில் வெக்கையில் புழுங்கும் மக்கள் தம் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள் என்று அதே இடத்தில் எழுதுகிறார். தாம் காலையில் பகவத் கீதையைப் படித்துவிட்டுக் குளத்துக்கு நீர் எடுக்கப் போகும்போது, அங்கே கங்கைக்கரை அந்தணரின் பணியாளைச் சந்திப்பதாகவும், இருவர் வாளிகளும் ஒரே கிணற்றில் உரசிக்கொள்வதாகவும் ஒரு கற்பனை வருகிறது.

மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடரிக் டூடரின் நிறுவனம் 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் மெரினாவில், விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறது. நான் அந்த வழியாகத்தான் நாள்தோறும் அலுவலகம் போகிறேன். வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அந்த வட்டக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம், ஊரை விட்டு ஒதுங்கிய மனிதரின் குளத்திலிருந்து இங்கே வந்து இறங்கிய பனிக்கட்டியை நினைத்துக்கொள்வேன்.

பேரேடு எழுதியது:

கடற்கரைச்சாலை அவர்களின் பதிவு அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு திருத்தம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வெட்டிக் குவித்த பனிக்கட்டி பத்தாயிரம் டன் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். வைக்கோலும் பலகையும் போட்டு மூடி வைத்தார்கள். அதில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துச் சென்றார்கள். மீதி வெயிலில் கிடந்து 1848 செப்டம்பர் வரை உருகிக்கொண்டிருந்தது, குளம் தன் நீரில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது என்று தோரோவே எழுதுகிறார். ஆகவே மதராஸ் வரை வந்தது அந்தக் குளத்து நீர் என்று அடித்துச் சொல்ல முடியாது.

கடற்கரைச்சாலை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன், ஐயா. ஆனாலும் நாளை காலை அதே நிறுத்தத்தில் நின்று அதையேதான் நினைக்கப் போகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

இழை அமெரிக்காவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த வகையில் நான் படித்தவற்றுள் மிகச் சிறியதும் மிகக் கூர்மையானதும் ஜப்பானில் 1212இல் எழுதப்பட்டது. கமோ நோ சோமெய் எழுதிய ‘ஹோஜோகி’. ஒரே மாலையில் படித்துவிடலாம்.

முதற்பாதியில் குடிலே வராது. 1177இல் கியோட்டோவைத் தின்ற தீ, 1180இல் வீடுகளைப் பிய்த்தெறிந்த சுழற்காற்று, அதே ஆண்டில் தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றிய ஆணை, பின்பு பஞ்சம், 1185இல் நிலநடுக்கம் என்று ஒவ்வொன்றாக வரும். தலைநகர் மாறியபோது மக்கள் தம் வீடுகளைப் பிரித்துத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுபோனதை எழுதுகிறார். பஞ்சத்தில் தெருவில் இறந்து கிடந்தவர்களின் நெற்றியில் ஒரு துறவி புனித எழுத்து ஒன்றை எழுதிக்கொண்டே போக, இரண்டே மாதங்களில் நகரின் ஒரு பகுதியில் மட்டும் எண்ணிக்கை 42,300ஐத் தாண்டியது. வீடு என்ற ஒன்றை ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, இந்தப் பக்கங்களைப் படித்த பிறகு நமக்கே விடை தடுமாறுகிறது.

பிறகுதான் அவருடைய வீடுகளின் கணக்கு வருகிறது. பாட்டி வழியில் வந்த பெரிய வீட்டை இழந்து, முப்பது வயதைக் கடந்தபின் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒன்றைக் கட்டுகிறார். ஐம்பதில் துறவு. அறுபதை நெருங்கும்போது கட்டியது, முந்தைய வீட்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத, பக்கத்துக்குப் பத்தடி கொண்ட சதுரக் குடில். மூட்டுகளைக் கொக்கியால் இணைத்திருக்கிறார். இடம் பிடிக்காமல் போனால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். உள்ளே புத்தர் படம், கவிதையும் இசையும் பற்றிய ஏடுகள், பிரித்து வைக்கக்கூடிய இரண்டு இசைக்கருவிகள். மலையடிவாரத்துக் காவல்காரரின் பத்து வயதுப் பையன் துணைக்கு வருவான். அறுபதும் பத்தும் சேர்ந்து காய்கனி பறிக்கப் போகும்.

இவரும் விலக்கப்பட்டவர்தாம். தந்தை வகித்த கோயில் பதவி தமக்குக் கிடைக்காமல் போனதன் கசப்பு அவருக்கு உண்டு. நான் சொல்ல வந்தது கடைசிப் பத்தியைப் பற்றி. இவ்வளவு நேரம் குடிலைப் பாராட்டிய மனிதர், ஒரு விடியற்காலையில் தம்மையே கேட்டுக்கொள்கிறார்: எதன்மீதும் பற்று வைக்காதே என்று புத்தர் சொல்லியிருக்க, இந்தக் குடிலை நான் இப்படி நேசிப்பது குற்றமாகாதா? வேடம் துறவியுடையது, மனம் கறைபட்டது என்கிறார். மனம் விடை சொல்லவில்லை. நாவை மட்டும் இரண்டு மூன்று முறை புத்தர் பெயரைச் சொல்ல வைத்துவிட்டு எழுத்தை நிறுத்திக்கொள்கிறார்.

தோரோவிடம் இந்த விடியற்காலை இல்லை. அவர் தம் குடிலைச் சந்தேகித்ததே கிடையாது. எனக்கு அவர்மீது உள்ள ஒரே குறை அது.

மலைச்சாரல் எழுதியது:

சந்தேகிக்கவில்லை என்றாலும் விட்டுவிட்டு வந்தார் அல்லவா? 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரைதான் அங்கே இருந்தார். போனதற்கு இருந்த அதே அளவு நல்ல காரணத்துக்காகவே திரும்பினேன், வாழ வேண்டிய வாழ்க்கைகள் இன்னும் சில இருந்தன என்கிறார். அதற்குப் பிறகு ஏழு ஆண்டுகள் திருத்தித் திருத்தி எழுதினார். இரண்டு ஆண்டுகளை ஒரே ஆண்டாகச் சுருக்கினார். நாம் படிப்பது குடிலில் எழுதி முடித்த நூலை அல்ல.

வரப்போரம் எழுதியது:

நெடுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். போய்விட்டுத் திரும்பியவன் என்ற முறையில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யைத் தமிழில் படித்துவிட்டுத்தான் நானும் என் மனைவியும் மூன்று ஏக்கர் வாங்கினோம். யோகோஹாமா சுங்கத்துறையில் தாவர நோய் ஆய்வாளராக இருந்தவர், எதுவும் செய்யத் தேவையில்லை என்று ஒரு நாள் உறைத்தபின் வேலையை விட்டு ஊர் திரும்புகிறார். எனக்கும் ஒன்றும் செய்யாமல் இருக்கும் விவசாயம் என்ற சொற்கள்தாம் காதில் விழுந்தன. தந்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தை அவர் கவாத்து செய்யாமல் விட்டுவிட, கிளைகள் ஒன்றோடொன்று பின்னிப் பூச்சி தாக்கி மரங்கள் பட்டுப்போனதையும், அது இயற்கை வேளாண்மை அன்று, கைவிடுதல் என்று அவரே ஒப்புக்கொண்டதையும் அன்று நான் ஒரு கதையைப் போலப் படித்துவிட்டுப் போனேன். அந்தப் பாடத்துக்குப் பிறகு அவர் ஓர் ஆய்வு நிலையத்தில் எட்டு ஆண்டுகள் வேலைக்குப் போகிறார். அதையும் சேர்த்தே படித்திருக்க வேண்டும்.

எங்கள் எலுமிச்சைக் கன்றுகள் இரண்டாம் கோடையில் கருகின. கிணற்றில் மோட்டாரின் கால்வால்வு சேற்றில் புதைந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் கயிற்றில் இறங்கி அதைத் தூக்கிக் கட்டிவிட்டு, கூலி வாங்க மறுத்து, ஒரு சொம்பு மோர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஊரை விட்டு ஒதுங்க வந்த நாங்கள், அந்த ஆண்டில் அறிந்த அளவுக்கு அக்கம்பக்கத்தாரை நகரத்தில் பதினாறு ஆண்டுகளில் அறிந்ததில்லை. மூன்றாம் ஆண்டில் மகளின் படிப்புக்காகத் திரும்பிவிட்டோம். நிலம் இருக்கிறது, அந்தப் பக்கத்து வயல்காரர்தான் குத்தகைக்குப் பார்க்கிறார்.

செம்பருத்தி எழுதியது:

வரப்போரம் அவர்களே, ஒரே ஒரு கேள்வி. அங்கே துணியை யார் துவைத்தார்கள்?

வரப்போரம் எழுதியது:

முதல் ஆண்டு அவள். மோட்டார் கெட்ட பிறகு வாய்க்காலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் நான். நேர்மையாகச் சொன்னால், எடை அதிகம் என்பதற்காகத்தான்.

கல்மண்டபம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ‘ஹோஜோகி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலகத்தில் கிடைத்தது; சுழற்காற்று வரை வந்திருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் ஓர் இடத்தைப் பார்க்கப் போகிறோம். பேரேடு அவர்களின் பாணியில் ஒரு தாளில் கோடு போட்டு, பணம் கொடுத்து வாங்குபவை ஒரு பக்கம், இரவலாகவும் இனாமாகவும் வருபவை மறுபக்கம் என்று எழுதத் தொடங்கினேன். இரண்டாம் பக்கம் நிரம்பிவிட்டதால் பின்பக்கத்துக்குப் போயிருக்கிறேன். வரப்போரம் அவர்களிடம் ஓர் உதவி: சித்திரையில் அங்கே கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று தரகரைக் கேட்டால் உண்மை வராது என்கிறார்கள். யாரைக் கேட்பது?

வரப்போரம் எழுதியது:

கிணற்றின் உட்சுவரைப் பாருங்கள், பாசிக்கோடு தெரியும். அதற்குப் பிறகும் ஐயமிருந்தால், பக்கத்து வயலில் ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். தரகர் அருகில் இல்லாத நேரமாகப் பார்த்து.